ஹைஃபெட்ஸின் வயலின் கான்செர்ட்டோ பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாஷா ஹைஃபெட்ஸின் பதிவு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள் என்று யாரிடமாவது சொன்னால் போதும், அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள் வரிசையாக வந்துவிடும். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் பாதி தகவல், பாதி என் அபிப்பிராயம். எது எதுவென்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

ஹைஃபெட்ஸ் யாருங்க? வயலின்னாலே ஏன் எல்லாரும் அவர் பேரையே சொல்றாங்க?

1901-இல் வில்னாவில் பிறந்தவர். இன்று லிதுவேனியாவின் தலைநகராக இருக்கும் வில்னியஸ்தான் அது. அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்தது. ஏழு வயதில் மெண்டல்சன் கான்செர்ட்டோவை மேடையில் வாசித்துவிட்டார். அப்புறம் பீட்டர்ஸ்பர்க்கில் லியோபோல்ட் ஆவரிடம் படிப்பு. 1917 அக்டோபர் 27 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் முதல் கச்சேரி. அன்றைக்கு அரங்கில் இருந்த மிஷா எல்மன், அவரும் ஆவரின் மாணவர்தான், "என்ன இங்கே இப்படிப் புழுங்குகிறது?" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டாராம். பக்கத்தில் இருந்த பியானோ மேதை கொடோவ்ஸ்கி, "பியானோக்காரர்களுக்கு ஒன்றும் புழுங்கவில்லையே" என்றாராம். வயலின்காரர்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கும் கதை.

கார்னகி ஹால் கச்சேரி முடிந்த அடுத்த மாதமே விக்டர் கம்பெனிக்குப் பதிவு செய்யத் தொடங்கினார். கடைசி மேடைக் கச்சேரி 1972 அக்டோபரில், லாஸ் ஏஞ்சல்ஸில். அதுவும் பதிவாகி வெளிவந்தது. 1987-இல் காலமானார். இடைப்பட்ட 55 ஆண்டுகளில் ஒலிப்பதிவுக் கலையே தலைகீழாக மாறிவிட்டது. அவருடைய விரல்களும் வில்லும் பெரிதாக மாறவில்லை. அவர் பதிவுகளை வரிசையாகக் கேட்கிறவருக்கு முதலில் படுவது இதுதான்.

கான்செர்ட்டோன்னா என்ன? சிம்பொனியிலிருந்து எப்படி வேறுபடுது?

சிம்பொனியில் ஆர்கெஸ்ட்ராவே எல்லாம். கான்செர்ட்டோவில் ஒரு தனி வாத்தியம் முன்னால் நிற்கும், ஆர்கெஸ்ட்ரா அதோடு பேசும், வாதாடும், சில இடங்களில் வாயை மூடிக்கொள்ளும். பெரும்பாலும் மூன்று பகுதிகள்: நீளமான முதல் பகுதி, மெதுவான நடுப்பகுதி, துள்ளலான கடைசிப் பகுதி. ஆர்கெஸ்ட்ரா முழுக்க நிறுத்திவிட்டுத் தனி வாத்தியம் மட்டும் வித்தை காட்டும் இடத்துக்குக் கடென்ஸா என்று பெயர். இந்த ஒரு சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கே ஆரம்பிக்கணும்? பட்டியல் வேண்டாம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

சிபேலியஸ் கான்செர்ட்டோ. வால்டர் ஹெண்டில் நடத்த, சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுடன் 1959 ஜனவரியில் பதிவானது.

காரணம் முதல் அரை நிமிடத்திலேயே இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவின் வயலின்கள் ஒலியை அடக்கும் கட்டையைப் பொருத்திக்கொண்டு மிக மெல்லிதாக நடுங்கிக்கொண்டிருக்கும். ஆர்கெஸ்ட்ரா டி மைனரில் நிற்க, தனி வயலின் அதற்குள் அடங்காத ஜி என்ற சுரத்தில் வந்து இறங்கும். ஹைஃபெட்ஸ் அந்தச் சுரத்தை அழுத்தமே இல்லாமல் தொடங்கி, வில் நகர நகரத்தான் அதற்கு விப்ராட்டோ, அதாவது விரலை ஆட்டி வரவழைக்கும் நடுக்கம், கொடுக்கிறார். குளிர் தேசத்து இசை என்று இதைப் பலரும் சொல்வார்கள். அந்தக் குளிரை வில்லின் ஒரே இழுப்பில் காட்டிவிடுகிறார். மூன்றாம் பகுதிக்கு வரும்போது டிம்பனி முரசும் கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியங்களும் குதிரைக் குளம்படி மாதிரி ஒரு தாளத்தைப் போட, அதன் மேல் அவர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு இது மனிதன் வாசித்ததுதானா என்று கேட்காதவரை நான் பார்த்ததில்லை.

சிபேலியஸ் ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று தோன்றினால் புரூக்கின் ஸ்காட்டிஷ் ஃபேன்டஸிக்குப் போங்கள். 1961-இல் மால்கம் சார்ஜென்ட் நடத்தியது. அதில் ஓசியன் எல்லிஸ் வாசித்த ஹார்ப்பும் வயலினும் பேசிக்கொள்ளும் இடங்கள் யாருக்கும் பிடிக்கும். பெயரில் கான்செர்ட்டோ இல்லை, ஆனால் காரியத்தில் அதுதான்.

ஒரே கான்செர்ட்டோவை ரெண்டு தடவை மூணு தடவை பதிவு பண்ணியிருக்காரே, ஏன்? எதை எடுக்கிறது?

ஏன் என்பதற்குத் தொழில்நுட்பம்தான் முதல் காரணம். 1930-களில் பதிவானது நிமிடத்துக்கு 78 சுழற்சி சுற்றும் இசைத்தட்டுக்காக. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடம், நாலரை நிமிடம்தான் கொள்ளும். ஒரு கான்செர்ட்டோவைக் கேட்டு முடிப்பதற்குள் ஏழெட்டுத் தடவை எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். 1948-இல் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வந்தது, கம்பெனிக்கு எல்லாமே மறுபடி வேண்டியிருந்தது. பத்து வருஷத்தில் ஸ்டீரியோ வந்தது, இன்னொரு சுற்று.

சைக்கோவ்ஸ்கி கான்செர்ட்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1937-இல் லண்டனில் பார்பிரோலியுடன், 1950-இல் பில்ஹார்மோனியாவை வால்டர் சஸ்கிண்ட் நடத்த, 1957-இல் சிகாகோவில் ஃப்ரிட்ஸ் ரைனருடன். சிபேலியஸ் 1935-இல் பீச்சமுடன், பிறகு 1959-இல். பிராம்ஸ் 1939-இல் பாஸ்டனில் கூசெவிட்ஸ்கியுடன், 1955-இல் ரைனருடன். பீத்தோவன் 1940-இல் டோஸ்கனினியுடன், 1955-இல் சார்லஸ் முன்ஷுடன். மெண்டல்சன் 1949-இல் பீச்சமுடன், 1959-இல் முன்ஷுடன்.

எதை எடுப்பது? "ஸ்டீரியோவைத்தான் வாங்கணும்" என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ஹைஃபெட்ஸ் அவ்வளவாக மாறவில்லை என்று மேலே சொன்னேன் இல்லையா? அப்படியானால் இரண்டு பதிவுகளுக்கு நடுவே மாறியது மைக்கும், ஆர்கெஸ்ட்ராவை நடத்திய கண்டக்டரும்தான். கண்டக்டரைப் பார்த்து எடுங்கள். பிராம்ஸுக்கும் சைக்கோவ்ஸ்கிக்கும் ரைனர், யோசிக்கவே வேண்டாம். மெண்டல்சனுக்கு என் ஓட்டு பீச்சமுக்கு. முன்ஷ் பதிவில் ஒலி சுகம், ஆனால் பீச்சம் ஆர்கெஸ்ட்ராவுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறார். சிபேலியஸுக்கு இரண்டும் வேண்டும். பீத்தோவன் தனிப் பஞ்சாயத்து, பின்னால் வருகிறேன்.

1930-கள் பதிவெல்லாம் கரகரன்னு இருக்குமே? அதைப் போய்க் கேட்கணுமா?

கரகரக்கும், ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 1925-க்கு முந்தைய பதிவுகள் புனல் வைத்துப் பிடித்தவை. அவற்றைப் பிடிக்கவில்லை என்றால் யாரையும் குறைசொல்ல முடியாது. 1930-களில் மைக் வந்துவிட்டது. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பிடித்த பதிவுகளில் வயலின் முகத்துக்கு நேரே நிற்கும். ஆர்கெஸ்ட்ராதான் சற்று மங்கல்.

முதலில் கிளாசுனோவ் கான்செர்ட்டோவைக் கேளுங்கள். 1934, பார்பிரோலி, லண்டன் பில்ஹார்மோனிக். இருபது நிமிடச் சமாச்சாரம். கிளாசுனோவ் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) இயக்குநராக இருந்த காலத்தில்தான் ஹைஃபெட்ஸ் அங்கே சிறுவனாகப் படித்தார். வாசித்து மனப்பாடமான பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி அல்ல, சொந்த ஊர்ப் பேச்சைப் பேசுகிற மாதிரி வாசிக்கிறார். இரண்டு நிமிடத்தில் கரகரப்பு காதிலிருந்து போய்விடும். 1963-இல் ஸ்டீரியோவில் மறுபடி வாசித்தார். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முந்தையதன் இனிப்பு அதில் இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். 78 தட்டுக்குப் பதிவு செய்த காலத்தில் நாடாவை வெட்டி ஒட்ட முடியாது. ஒரு பக்கம் என்றால் அந்த நாலு நிமிடமும் ஒரே மூச்சு. பிழை வந்தால் முதலிலிருந்து. அந்தத் தட்டுகளில் கேட்கும் சுத்தம் உண்மையாகவே அந்த அறையில் நடந்தது.

"லிவிங் ஸ்டீரியோ"ன்னு அட்டையில போட்டிருக்கே, அது என்ன?

முதலில் சொன்ன விக்டர் கம்பெனி, பின்னாளில் ஆர்சிஏ விக்டர், தன் ஸ்டீரியோ தட்டுகளுக்கு வைத்த வியாபாரப் பெயர். 1954-லிலேயே சிகாகோவிலும் பாஸ்டனிலும் இரண்டு டிராக்கில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள், பிறகு மூன்று டிராக்கில். ஆனால் ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்தது 1958-இல்தான். அதனால் 1955 பிப்ரவரியில் பதிவான பிராம்ஸ் முதலில் மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், வெளிவந்து, ஸ்டீரியோவில் பிற்பாடு வந்தது. சிகாகோ ஆர்கெஸ்ட்ரா ஹால், பாஸ்டன் சிம்பொனி ஹால் இரண்டும் நல்ல எதிரொலி உள்ள அரங்குகள். மைக்குகளைக் குறைவாக வைத்துப் பிடித்ததால் அரங்கின் காற்றும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது.

ஏன் இவ்வளவு வேகம்? ரயிலைப் பிடிக்கப் போறவர் மாதிரி வாசிக்கிறாரே!

அதிகம் வரும் கேள்வி இதுதான். வேகம் என்பது உண்மை. ரைனருடன் வாசித்த பிராம்ஸ் 35 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. பலருக்கு 38, 40 ஆகும். 1959 சிபேலியஸ் சுமார் 27 நிமிடம், மற்றவர்கள் 30-ஐத் தாண்டுவார்கள். எல்கர் கான்செர்ட்டோவில் வித்தியாசம் இன்னும் அதிகம்: 1932-இல் எல்கரே நடத்த, பதினாறு வயது மெனுஹின் வாசித்த பதிவு 50 நிமிடத்தை ஒட்டி வரும். ஹைஃபெட்ஸ் 1949-இல் சார்ஜென்டுடன் வாசித்தது 41 சொச்சம்தான்.

ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் சைக்கோவ்ஸ்கியின் நடுப்பகுதியை, அந்தக் கான்சொனெட்டாவைக் கேளுங்கள். எந்த வரியும் அவசரமாக முடிவதில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு விரலை வழுக்கிக்கொண்டு போகிறார். அந்த வழுக்கலுக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறார். வேகம் என்று நமக்குப் படுவதில் பாதி, மற்றவர்கள் சிரமப்பட்டு நிதானிக்கும் இடங்களில் அவர் நிதானிக்காததுதான். இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசிப்பது, எண்மம் (ஆக்டேவ்), ஏறும் ஸ்வர வரிசை எதுவானாலும் அவருக்கு முன்னெச்சரிக்கை தேவைப்படவில்லை.

எல்லா இடத்திலும் இது பலிக்கிறதா என்றால், இல்லை. எல்கரில் எனக்குப் பலிக்கவில்லை. அந்த இசை அசைபோட்டுக்கொண்டே நடக்கிற இசை. இவர் அதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். கடைசிப் பகுதியில் ஆர்கெஸ்ட்ரா மெல்ல மீட்டிக்கொண்டிருக்க வயலின் பழையதை நினைத்துப் பார்க்கும் நீண்ட கடென்ஸா மட்டும் விதிவிலக்கு. அங்கே அசத்துகிறார்.

உணர்ச்சியே இல்லாம, ஐஸ் மாதிரி வாசிப்பார்னு சொல்றாங்களே?

முகத்தைப் பார்த்துச் சொன்னது. மேடையில் நிமிர்ந்து நின்று, வயலினை உயர்த்திப் பிடித்து, முகத்தில் ஒரு தசையும் அசையாமல் வாசிப்பார். ஆடுவதில்லை, கண்ணை மூடி உருகுவதில்லை. அந்தக் காலத்து விமர்சகர்கள் சிலர் கண்ணால் பார்த்ததைக் காதில் கேட்டதாக எழுதிவிட்டார்கள். பதிவில் முகம் கிடையாது. புரூக்கின் ஜி மைனர் கான்செர்ட்டோவில் நடுப்பகுதியை, 1951 பதிவோ 1962 பதிவோ, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு சுரத்திலும் விப்ராட்டோவின் அகலம் வேறு, வில்லின் அழுத்தம் வேறு. ஐஸ் இப்படியா இருக்கும்?

வேறொரு குறை உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் தன்னை மறப்பதே இல்லை. பீத்தோவனில் இது தெரியும். டோஸ்கனினியுடன் 1940-இல் பதிவானது என்பிசி வானொலியின் 8-எச் ஸ்டுடியோவில். எதிரொலியே இல்லாத, வறண்ட அறை. முன்ஷுடன் 1955-இல் பதிவானதற்கு அருமையான அரங்கு. இரண்டிலும் வாசிப்பு அப்பழுக்கில்லாதது. 38 நிமிடத்தில் முடிகிற, நேர்கோடாகப் போகிற பீத்தோவன். ஐந்து டிம்பனி அடிகளோடு தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு மேல் காத்திருந்து வயலின் நுழையும் அந்த எண்ம ஏற்றத்தை இவ்வளவு சுத்தமாக வேறு யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. ஆனால் நடுப்பகுதியில் காலம் நின்றுபோக வேண்டும். இவருடையதில் நிற்பதில்லை. இரண்டில் ஒன்று என்றால் டோஸ்கனினி பதிவை எடுப்பேன், அந்த வறட்டு ஒலியோடு சேர்த்து. அதிலாவது இரண்டு பிடிவாதக்காரர்கள் மோதுகிறார்கள்.

ஹெட்போனில் கேட்டா வயலின் மூக்குக்கு முன்னாடி நிக்குது, ஆர்கெஸ்ட்ரா அடுத்த தெருவுல இருக்கு. என் ஹெட்போன் கோளாறா?

உங்கள் ஹெட்போன்மேல் தப்பில்லை. ஆர்சிஏ பதிவுகளில் ஹைஃபெட்ஸுக்கு மைக் மிக அருகில். வில் தந்தியைத் தொடும்போது எழும் சின்ன உரசல்கூடக் கேட்கும். கச்சேரி அரங்கில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இப்படிக் கேட்காது. சிலருக்கு இது எரிச்சல். எனக்கு 1962 புரூக்கில் கொஞ்சம் அதிகம் என்று படும். ரைனர் பதிவுகளில் தொந்தரவு இல்லை, ஏனென்றால் சிகாகோ ஆர்கெஸ்ட்ரா பின்னால் இருந்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை. ஸ்பீக்கரில் கேட்டால் இந்த ஏற்றத்தாழ்வு பாதி சமனாகிவிடும்.

சைக்கோவ்ஸ்கியோட இசைக்குறிப்பு நோட்டு வச்சுக்கிட்டுக் கேட்டேன். கடைசிப் பகுதியில சில வரி காணோம். எடிட் பண்ணிட்டாங்களா?

ஹைஃபெட்ஸே விட்டுவிட்டு வாசிக்கிறார். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சைக்கோவ்ஸ்கி இந்தக் கான்செர்ட்டோவை முதலில் ஆவருக்குத்தான் அர்ப்பணித்தார், ஹைஃபெட்ஸின் குரு ஆவருக்கு. ஆவர் வாசிக்க முன்வரவில்லை. கடைசியில் 1881 டிசம்பரில் வியன்னாவில் அடால்ஃப் பிராட்ஸ்கி அரங்கேற்றினார், விமர்சகர் ஹான்ஸ்லிக் "காதால் முகர முடிகிற நாற்றம்" என்ற பொருளில் கிழித்துத் தொங்கவிட்டார். சைக்கோவ்ஸ்கி அர்ப்பணிப்பையும் பிராட்ஸ்கிக்கே மாற்றிவிட்டார். பிற்பாடு ஆவர் மனம் மாறி, சில இடங்களைத் திருத்தி, கடைசிப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் வரிகளை வெட்டி ஒரு பதிப்பு தயாரித்தார். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். ஹைஃபெட்ஸ் ஆயுள் முழுக்க அந்த வெட்டோடுதான் வாசித்தார், தன் பங்குக்குச் சில அலங்காரங்களையும் சேர்த்துக்கொண்டு.

வெட்டில்லாமல் கேட்க வேண்டுமானால் இன்றைய இளம் கலைஞர்கள் பலர் முழுசாக வாசிக்கிறார்கள். 1957 பதிவின் கடைசிப் பகுதி போகும் போக்கில் அந்த வரிகள் விடுபட்டது தெரியாது என்பது என் அனுபவம். நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

பிராம்ஸில் கடென்ஸா வேற மாதிரி இருக்கே? நான் கேட்ட மத்த பதிவுல இப்படி இல்லையே?

பிராம்ஸ் கடென்ஸாவை எழுதவில்லை. வயலின் கலைஞரான நண்பர் யோவாக்கிமிடம் விட்டுவிட்டார். பெரும்பாலோர் யோவாக்கிம் எழுதியதை அல்லது க்ரைஸ்லர் எழுதியதை வாசிப்பார்கள். ரைனர் பதிவில் ஹைஃபெட்ஸ் தானே எழுதியதை வாசிக்கிறார். பீத்தோவனிலும் இதே கதை: ஆவர், யோவாக்கிம் இருவருடையதையும் தன் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சேர்த்துக்கொண்டார். மெண்டல்சன், சைக்கோவ்ஸ்கி, சிபேலியஸ் மூவரும் கடென்ஸாவைத் தாங்களே எழுதிவைத்துவிட்டதால் அங்கே வேறு யாருக்கும் இடமில்லை.

பாக் இரட்டை வயலின் கான்செர்ட்டோவில் ரெண்டு வயலினும் அவரேதான்னு சொல்றாங்களே, கதையா நிஜமா?

நிஜம். 1946-இல் ஹாலிவுட்டில், ஃப்ரான்ஸ் வாக்ஸ்மன் நடத்திய சின்ன ஆர்கெஸ்ட்ராவுடன் ஒரு வயலின் பகுதியை வாசித்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றையும் வாசித்தார். சினிமாப் பாட்டில் டிராக் எடுப்பது நமக்குப் பழகிப்போன விஷயம், அன்றைக்கு அது புதுமை. புதுமை என்பதைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டிய இசையில் ஒருவரே இரண்டு குரலிலும் பேசினால் சண்டை எங்கிருந்து வரும்? 1961-இல் தன் மாணவர் எரிக் ஃப்ரீட்மனுடன் வாசித்ததில் அந்தக் குறை இல்லை.

அவருக்குன்னே எழுதின கான்செர்ட்டோ ஏதாவது இருக்கா?

இருக்கிறது, அவசியம் கேட்க வேண்டியவை. வில்லியம் வால்டனிடம் கேட்டு எழுதவைத்தார். 1939 டிசம்பர் 7 அன்று கிளீவ்லாந்தில் அரங்கேற்றம். போர் தொடங்கிவிட்டதால் வால்டனால் அமெரிக்காவுக்கு வர முடியவில்லை. 1941-இல் சின்சினாட்டியில் கூசென்ஸ் நடத்த ஒரு பதிவு, 1950-இல் வால்டனே நடத்த இன்னொன்று. நடுவில் வால்டன் ஆர்கெஸ்ட்ரா பகுதியைத் திருத்திவிட்டார் என்பதால் இரண்டுக்கும் கேட்கும்படியான வித்தியாசம் உண்டு. மிக்லோஷ் ரோஷாவும் இவருக்காக ஒன்று எழுதினார், 1956-இல் டல்லாஸில் அரங்கேறியது. அதை நடத்தியவரும் நம் சிபேலியஸ் ஹெண்டில்தான்.

கோர்ன்கோல்டின் கான்செர்ட்டோ வேறு வகை. நாஜிகளால் வியன்னாவை இழந்து ஹாலிவுட்டில் படங்களுக்கு இசையமைத்தவர், தான் படங்களுக்குப் போட்ட மெட்டுகளையே எடுத்து இதைக் கட்டினார். 1947-இல் ஹைஃபெட்ஸ் செயின்ட் லூயிஸில் அரங்கேற்றியபோது நியூயார்க் விமர்சகர்கள் சினிமா இசை என்று ஏளனம் செய்தார்கள். ஹைஃபெட்ஸ் விடவில்லை. 1953 ஜனவரி 10 அன்று, வாலன்ஸ்டைன் நடத்திய லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக்குடன் ஒரே நாளில் பதிவு செய்தார். மோனோதான், மறுபடி ஸ்டீரியோவில் எடுக்கவுமில்லை. இன்று இந்தக் கான்செர்ட்டோவை வாசிக்காத வயலின் கலைஞர் அபூர்வம். அதற்கு வழி போட்டது இந்த ஒரு பதிவு. இதில் ஒலி பழசு என்று ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எந்த வயலினில் வாசிச்சார்? ஸ்ட்ராடிவேரியஸா?

ஸ்ட்ராடிவேரியஸ்களும் வைத்திருந்தார், ஆனால் மனதுக்கு நெருக்கமானது 1740-களின் தொடக்கத்தில் குவார்னேரி டெல் ஜேசு செய்த 'டேவிட்' என்ற வயலின். ஒருகாலத்தில் ஃபெர்டினண்ட் டேவிட் என்ற லைப்சிக் கலைஞரிடம் இருந்தது. மெண்டல்சன் தன் கான்செர்ட்டோவை எழுதியது இந்த டேவிட்டுக்காக. 1845-இல் அரங்கேற்றியவரும் அவர்தான். ஹைஃபெட்ஸ் அந்த வயலினைச் சான் ஃபிரான்சிஸ்கோ நுண்கலை அருங்காட்சியகங்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

வயலினைவிடத் தந்தியைக் கவனியுங்கள். நடுவில் இருக்கும் டி, ஏ இரண்டுக்கும் கம்பி சுற்றாத வெறும் ஆட்டுக் குடல் நரம்பு. ஜி தந்தி வெள்ளி சுற்றியது. மேல் தந்தி ஈ மட்டும் எஃகு. நரம்பில் வில் பட்டதும் ஒரு சின்னக் 'கர்' ஒலி வந்து, பிறகுதான் சுரம் பிறக்கும். ஹெட்போன் கேள்விக்கான பதிலில் சொன்ன உரசல் அதுதான். இன்றைய செயற்கை இழைத் தந்திகளில் அது கிடைப்பதில்லை.

கர்நாடக வயலின் கேட்டு வளர்ந்தவன் நான். இதுல கமகம் இல்லாம மொட்டையா இருக்கே?

வாத்தியம் ஒன்று, மொழி வேறு. நம்மவர்கள் சட்ஜம் பஞ்சமம் சட்ஜம் பஞ்சமம் என்று தந்திகளைச் சேர்த்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, சுருளைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால் இடது கை விடுதலையாகத் தந்தி நெடுக ஓடும். அங்கே நின்றுகொண்டு தாடையில் பிடிக்கிறார்கள், தந்திகள் ஜி-டி-ஏ-ஈ. சுரத்தின் அசைவு நமக்கு ராகத்தின் இலக்கணம். அவர்களுக்கு விப்ராட்டோ என்பது குரலின் நிறம். ஆக, சுரத்துக்குள் தேடாதீர்கள். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே தேடுங்கள். ஹைஃபெட்ஸின் வழுக்கல்களைக் கவனித்தால், அதிலும் கடைசி நொடியில் சட்டென்று மேலே போய் அமரும் அந்தப் பழக்கத்தை, உங்கள் காது உடனே பிடித்துக்கொள்ளும்.

அவர் வாசிக்காத கான்செர்ட்டோ ஏதாவது உண்டா?

நிறைய. பார்டோக், பெர்க், ஸ்ட்ராவின்ஸ்கி, த்வோர்ஷாக் எதையும் பதிவு செய்யவில்லை. ஷோன்பெர்க் கான்செர்ட்டோ அவரிடம் போய்த் திரும்பிவந்தது; 1940-இல் லூயிஸ் கிராஸ்னர் அரங்கேற்றினார். புது இசையில் அவருக்குப் பிடித்தது மெட்டு உள்ள புது இசை. பெர்க்கை இவர் வாசிக்காததில் எனக்கு வருத்தமுண்டு. பதிலுக்கு ப்ரோகோஃபியெவின் இரண்டாம் கான்செர்ட்டோவை 1937-லிலேயே, அது எழுதி இரண்டு வருஷச் சொச்சத்தில், கூசெவிட்ஸ்கியுடன் பதிவு செய்துகொடுத்தார்.

மியூசிக் ஆப்பில் தேடினா ஒரே சிபேலியஸ் இருபது அட்டையில வருது. வருஷமும் 2016, 2021னு போட்டிருக்கு. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அந்த வருஷத்தை நம்பாதீர்கள், அது மறுவெளியீட்டு வருஷம். அட்டைப் படத்தையும் நம்பாதீர்கள். கண்டக்டர் பெயரைப் பாருங்கள், அதுவே அடையாள அட்டை. பீச்சம் என்றால் 1935, ஹெண்டில் என்றால் 1959. ஸ்டோகோவ்ஸ்கி என்று ஒன்று வந்தால் திடுக்கிட வேண்டாம்: 1934-இல் ஃபிலடெல்ஃபியாவில் பதிவாகி, திருப்தியில்லாமல் அப்போது வெளியிடாமல் விட்டது, பல காலம் கழித்து வெளியே வந்தது.

சார்ஜென்ட் பெயர் மட்டும் ஏமாற்றும். அவரோடு புரூக் ஜி மைனரை இரண்டு தடவை பதிவு செய்திருக்கிறார். லண்டன் சிம்பொனி என்றிருந்தால் 1951 மோனோ. நியூ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்றிருந்தால் 1962 ஸ்டீரியோ. வியூடாம்ப் ஐந்தாம் கான்செர்ட்டோவுக்கும் இதே விதி, அங்கே 1947-உம் 1961-உம்.

மொத்தப் பெட்டியா வாங்கிடலாமா?

2011-இல் சோனி வெளியிட்ட முழுத் தொகுப்பில் 103 குறுந்தட்டுகள். ஆர்வம் முற்றியவர்களுக்கு அது. மற்றவர்கள் அலமாரியை நிரப்பத்தான் வாங்குவார்கள். ரைனருடன் வாசித்த இரண்டும், சிபேலியஸும், புரூக்கும், கோர்ன்கோல்டும் தனித்தனியாகவே கிடைக்கின்றன. 1930-கள் லண்டன் பதிவுகளுக்கு நாக்ஸோஸ் ஹிஸ்டாரிகல் வரிசையில் மார்க் ஓபர்ட்-தார்ன் பழைய தட்டுகளிலிருந்து எடுத்துக்கொடுத்தவை நல்லவை. கரகரப்பைத் துடைக்கிறேன் என்று வயலினையும் சேர்த்துத் துடைத்துவிடவில்லை.

சரி, எதைத் தொடவே வேண்டாம்?

தொடவே கூடாதது என்று ஒன்றுமில்லை, முதலில் தொடக்கூடாதவை உண்டு. 1963-இல் தானே முன்னின்று நடத்திய மோட்சார்ட் ஐந்தாம் கான்செர்ட்டோ கொஞ்சம் விறைப்பு; 1934 பார்பிரோலி பதிவில் அதே ஆள் புன்னகையோடு வாசிக்கிறார். வயலினும் செல்லோவும் சேரும் பிராம்ஸ் இரட்டைக் கான்செர்ட்டோவில், பியாட்டிகோர்ஸ்கி செல்லோ வாசித்த 1960 பதிவுக்கு முன்னால் 1939-ஐக் கேளுங்கள், இமானுவல் ஃபாயர்மனின் செல்லோவுக்காக. ஃபாயர்மன் 1942-இல் நாற்பது வயது நிறைவதற்குள் போய்விட்டார். ஹைஃபெட்ஸ் தன்னோடு சரிசமமாக நிற்க ஆள் கிடைத்த தெம்பில் வாசித்த பதிவுகள் குறைவு, அவற்றில் இது முதலிடம்.